ஒரு கோப்பு, ஐந்து பூட்டு: ரீவியில் ஓடாத வீடியோக்களின் கதை

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா இறந்து ஒரு வருசம். ஆண்டுத் திவசத்துக்கு வெள்ளவத்தை வீட்டில சொந்தக்காரர் எல்லாரும் கூடினவை. சாப்பாடு முடிய ஒரு வீடியோ போடுறது எண்டு ஏற்பாடு. ரொறன்ரோவில் இருக்கிற மாமாவின் கல்யாண வீடியோ அது, 1997இல் எடுத்தது. மூன்று மாத விசாவில் அங்கு போயிருந்த அம்மம்மா அதில் கதைக்கிறா, சிரிக்கிறா, ஓரிடத்தில் பாடவும் செய்கிறா. மாமாவின் மகன் பழைய கசற்றைக் கொம்பியூட்டருக்கு மாற்றி இணைப்பை அனுப்பியிருந்தான். அதைத் தரவிறக்கி, பென்னில் போட்டு, ரீவியில் ஓடவிடுகிற பொறுப்பு எங்கள் மூன்று பேருக்கும். "அஞ்சு நிமிச வேலை" எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனம்.

ஓடவில்லை. முதலில் பென்னில் ஏறவே மாட்டன் எண்டது. பிறகு ரீவி 'இந்தக் கோப்பை இயக்க முடியாது' எண்டது. கடைசியில் பதினைஞ்சு பேர் ஒரு சின்ன மடிக்கணினியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நிண்டு பார்த்தார்கள். காது கொஞ்சம் மந்தமான பெரியம்மாவுக்குப் பின்வரிசையில் இருந்து ஒண்டும் தெரியவுமில்லை, கேட்கவுமில்லை. அவ கோபிக்கவும் இல்லை. "அப்பவும் இப்பிடித்தான். அந்தக் கசற் வந்த நேரமும் ஒருத்தரும் ஒழுங்காப் பாக்கேல்லை" எண்டு மட்டும் சொன்னா.

அந்த வசனம்தான் எங்களை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது. இருபது வருசத்துக்கு மேலான இடைவெளியில், ஒரே வீடியோ ஒரே வீட்டில் இரண்டு தரம் ஓட மறுத்திருக்கிறது. இரண்டு தரமும் வீட்டுக்காரர் நினைத்தது 'எங்களுக்குத்தான் தெரியேல்லைப் போல' எண்டு. அடுத்த சில நாட்கள் அந்தக் கோப்போடு மல்லுக்கட்டியபோதுதான் விளங்கியது, பிழை வீட்டுக்காரரில் இல்லை. அந்தக் கோப்பில் ஐந்து பூட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு ஆட்களால், வேறு வேறு காரணங்களுக்காகப் போடப்பட்டவை.

1. கறுப்பு வெள்ளையான கூறைச் சேலை

முதற் பூட்டு கோப்புக்கும் முந்தியது. 1997இல் ரொறன்ரோவிலிருந்து ஆரோ கொண்டுவந்து கொடுத்த அந்தக் கசற்றை டெக்கில் போட்டபோது, படம் நிறமில்லாமல், மேலும் கீழும் உருண்டுகொண்டிருந்ததாம். குரல்கள் இழுபட்டுக் கனத்துக் கேட்டனவாம். மணப்பெண்ணின் கூறை என்ன நிறம் எண்டதே இங்கு ஒருத்தருக்கும் தெரியாது. கசற் பழுது எண்டு நினைத்து அலுமாரியில் வைத்துவிட்டார்கள்.

கசற் பழுதில்லை. கனடாவும் அமெரிக்காவும் ஜப்பானும் பாவித்தது என்.ரி.எஸ்.சி முறை. இலங்கை, இந்தியா, இங்கிலாந்து, ஜேர்மனி, அவுஸ்திரேலியா போன்றவை பாவித்தது 'பால்' முறை. பிரான்சுக்கு செகாம் எண்டு இன்னொன்று. என்.ரி.எஸ்.சியில் ஒரு படச்சட்டம் 525 கோடுகள், விநாடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள். பாலில் 625 கோடுகள், விநாடிக்கு 25 சட்டங்கள். இந்த எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அமெரிக்காவின் மின்சாரம் விநாடிக்கு 60 தரம் அலைகிறது, ஐரோப்பாவினதும் எங்களதும் 50 தரம். ஆரம்பகாலத் தொலைக்காட்சியில் மின்சாரத்தின் அலைவு படத்தில் பட்டையாக ஊர்ந்து தெரியாமல் இருக்க, படத்தின் வேகத்தையும் அதோடு ஒத்துப்போகவைத்தார்கள்.

அமெரிக்கா 1941இல் கறுப்பு வெள்ளைக்கும் 1953இல் நிறத்துக்கும் தன் முறையைத் தீர்மானித்துவிட்டது. ஐரோப்பா 1965இல் வியன்னாவிலும் 1966இல் ஒஸ்லோவிலும் கூடி ஒரே நிறமுறைக்கு உடன்பட முயன்றது, முடியவில்லை. பிரான்ஸ் தன்னுடைய செகாமை விடவில்லை, ஜேர்மனி தன்னுடைய பாலை விடவில்லை. 1967இல் இரண்டும் தனித்தனியே ஒளிபரப்பைத் தொடங்கின. இதில் தொழில்நுட்பம் எவ்வளவோ, அவ்வளவு தேசியப் பெருமையும் தத்தம் நாட்டுத் தொழிற்சாலைகளைக் காப்பாற்றுகிற கணக்கும் இருந்தது. 1982இல் ஜப்பானின் உதவியோடு எங்கட ரூபவாஹினி தொடங்கியபோது, உதவி தந்த நாடு என்.ரி.எஸ்.சியில் இருந்தாலும் இங்கு வந்தது பால்தான்.

ஒரு நாட்டுக்குள்ளேயே இருக்கிற குடும்பத்துக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. 1983க்குப் பிறகு சிதறிப்போன குடும்பங்களுக்குத்தான் இந்த எல்லைக்கோடு வீட்டுக்குள் வந்தது. லண்டன் கல்யாணம் இங்கு ஓடும். பாரிஸ் கல்யாணம் நிறமில்லாமல் ஓடலாம். ரொறன்ரோக் கல்யாணம் உருளும். மத்திய கிழக்கிலிருந்து வந்த 'மல்ரி சிஸ்ரம்' டெக்குக்கு அந்தக் காலத்தில் ஏன் அவ்வளவு மதிப்பு எண்டு இப்போது விளங்குகிறது. அது மூன்று முறையையும் வாசிக்கும். அப்படி ஒரு டெக்கும் அதுக்கேற்ற ரீவியும் தெருவில் ஒருவரிடம் இருந்தால், அந்தத் தெருவின் வெளிநாட்டுக் கல்யாணங்கள் எல்லாம் அவர் வீட்டு விறாந்தையில்தான் நடந்தன.

2. நாலு ஜிபி வேலி

மருமகன் கசற்றை நல்ல முறையில்தான் கோப்பாக்கியிருந்தான். இரண்டு மணித்தியாலத்துக்கும் மேல், 6 ஜிபிக்குக் கொஞ்சம் கூட. எங்கட பென்னில் 32 ஜிபி இடம் வெறுமையாய்க் கிடந்தது. ஆனாலும் 'கோப்பு அளவில் பெரியது' எண்டு சொல்லிக் கொம்பியூட்டர் மறுத்தது. இடம் இருக்கும்போது ஏன் ஏறாது?

பென்னுக்குள் கோப்புகளை அடுக்கிவைக்கிற முறைக்கு ஒரு பதிவேடு உண்டு. பெரும்பாலான பென்கள் கடையிலிருந்து வரும்போதே ஃபாட் 32 எண்ட பதிவேட்டோடு வருகின்றன. இது 1996இல் விண்டோஸ் 95இன் ஒரு பிந்திய பதிப்போடு வந்தது. இந்தப் பதிவேட்டில் ஒரு கோப்பின் அளவை எழுத ஒதுக்கிய கட்டம் 32 இருமங்கள் மட்டும். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைற் குறைவு. அந்த நாட்களில் முழுக் கொம்பியூட்டரின் வன்தட்டே அவ்வளவு இராது. ஒரு கோப்பு அதைத் தாண்டும் எண்டு கவலைப்பட வேண்டிய தேவை வீட்டுப் பாவனையில் இருக்கவில்லை.

2006இல் இந்த வேலியைத் தாண்டுகிற எக்ஸ்ஃபாட் வந்தது. ஆனால் அது மைக்ரோசொஃப்ற்றின் காப்புரிமைக்குள் இருந்தது. ரீவி செய்கிற கம்பனி அதை வாசிக்கவைக்க உரிமம் எடுக்க வேண்டும். அதன் முழு விபரக்குறிப்பைக் கம்பனி பகிரங்கமாக வெளியிட்டது 2019இல்தான். இடைப்பட்ட பதின்மூன்று வருசத்தில் விற்கப்பட்ட ரீவிகளில் பல எக்ஸ்ஃபாட் பென்னைக் கண்டால் 'ஒண்டுமில்லை' எண்டு சொல்வதற்கு ஒரு காரணம் இது. இந்த வீட்டு ரீவியும் அப்படித்தான் சொன்னது. என்ரிஎஃப்எஸ் எண்ட மூன்றாவது முறையில் பென்னை மாற்றியபோது கோப்பின் பெயர் திரையில் வந்தது. நாங்கள் கை தட்டினம். அது கொஞ்சம் அவசரம்.

3. பெட்டியும் பண்டமும்

கோப்பின் பெயர் தெரிந்தது, அமர்த்தினால் ஓடவில்லை. எங்கட ஆக்களில் பாதிப்பேர் குழம்புகிற இடம் இதுதான், நாங்களும் குழம்பினம். "எம்பி4 எண்டா ஓடும், எம்கேவி எண்டா ஓடாது" எண்டு ஒரு கதை உண்டு. பெயரின் பின்னொட்டை மட்டும் மாற்றிப் பார்க்கிறவர்களும் உண்டு. அது சாப்பாட்டுக் கரியரின் மூடியை மாற்றினால் உள்ளே இருக்கிற கறி மாறும் எண்டு நம்புவது போல.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் கரியர்கள். ஒரு தட்டில் படம், ஒரு தட்டில் சத்தம், ஒரு தட்டில் எழுத்து. 2002இன் இறுதியில் தொடங்கிய எம்கேவிக்கு மட்ரொஸ்கா எண்டு பெயர். ஒன்றுக்குள் ஒன்றாய் அடங்குகிற ரஷ்யப் பொம்மையிலிருந்து வந்த பெயர் அது. கரியருக்குள் இருக்கிற கறி எப்படிச் சமைக்கப்பட்டது எண்டதுதான் கோடெக். ரீவிக்குக் கரியரைத் திறக்கவும் தெரிய வேண்டும், உள்ளே இருப்பதைச் சாப்பிடவும் தெரிய வேண்டும்.

ஏன் சமைக்க வேண்டும்? பச்சையாகவே தரலாமே? பால் முறைப் படம் ஒன்றைச் சுருக்காமல் கோப்பாக்கினால், ஒரு மணித்தியாலத்துக்கு 55 ஜிபிக்கு மேல் வரும். இதைச் சுருக்குவதற்கான பொதுவிதிகளை எழுதவே 1988இல் எம்பெக் எண்ட சர்வதேசக் குழு கூடியது. இத்தாலியரான லெயொனார்தோ கியாரிலியோனேயும் ஜப்பானியரான ஹிரோஷி யசுதாவும் அதைத் தொடக்கியவர்கள். அதன் முதல் விதியில் பிறந்ததுதான் 1993இல் வந்த விசிடி. ஒரு தட்டில் 74 நிமிடம். இரண்டரை மணித்தியாலத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தட்டு. கதாநாயகன் பாயிற நேரம் பார்த்து "அடுத்த சிடியைப் போடு" எண்டு ஆரோ எழும்ப வேண்டியிருந்த காரணம் அந்த 74. ஆனால் விசிடிக்கு ஒரு பெரிய நல்ல குணம் இருந்தது. விதி இறுக்கமானது, எல்லாக் கருவிக்கும் ஒன்றே. கொழும்புக் கடையில் வாங்கிய தட்டு கிளிநொச்சியில் ஓடியது, பருத்தித்துறையிலும் ஓடியது. 1996இன் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடியும் எம்பெக்கின் இரண்டாவது விதியில் நிண்டது.

குழப்பம் தொடங்கியது தட்டு இல்லாத கோப்புகளோடு. 1990களின் கடைசியில் மைக்ரோசொஃப்ற் எம்பெக்-4 விதியின் அடிப்படையில் ஒரு கோடெக் செய்து, அதைத் தன் சொந்தக் கரியரில் மட்டும் பாவிக்கும்படி பூட்டி வைத்தது. ஜெரோம் ரொத்தா எண்ட பிரெஞ்சுக்காரர் அந்தப் பூட்டை உடைத்து ஏவிஐக்குள் போடக்கூடியதாக்கினார். பெயர் டிவ்எக்ஸ். பெயரின் பின்னால் ஒரு கண்சிமிட்டுகிற முகமும் போட்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்கக் காசு கேட்ட அமெரிக்கத் தட்டு முறை ஒன்றுக்கும் அதே பெயர். அதைக் கிண்டலடிக்கத்தான் அந்தப் பெயரை எடுத்தார்கள். ஒரு முழுப் படத்தை 700 எம்பி சிடி ஒன்றில் அடக்க முடிந்தது இதற்குப் பிறகுதான். பிறகு அது கம்பனியாகி மூடிக்கொண்டபோது, அதன் திறந்த நிரலை எடுத்துத் தொடர்ந்தவர்கள் பெயரைத் திருப்பிப் போட்டு எக்ஸ்விட் எண்டார்கள். 2000களில் எங்கட வீடுகளுக்கு வந்த டிவிடி பிளேயர்களில் பலதின் நெற்றியில் டிவ்எக்ஸ் இலச்சினை ஒட்டியிருந்தது நினைவிருக்கும். அப்போதும் சில கோப்புகள் ஓடவில்லை. கொம்பியூட்டரில் சுருக்கியவர் சில மேலதிக உத்திகளைப் பாவித்திருந்தால், பிளேயரின் சிப்புக்கு அது தெரியாது.

இங்குதான் ஆதாரமான வித்தியாசம் இருக்கிறது. கொம்பியூட்டரில் படத்தை விரிப்பது மென்பொருள், இண்டைக்குத் தெரியாததை நாளைக்குத் தரவிறக்கிப் பழகிக்கொள்ளும். ரீவியில் விரிப்பது சிப்பில் பொறிக்கப்பட்ட சுற்று. தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் அதற்கு என்ன தெரியுமோ, சாகும்வரை அதுதான். 2003இல் எச்.264 விதி வந்தது, இண்டைக்கும் எல்லா ரீவிக்கும் தெரிந்த பொதுமொழி அதுதான். ஆனால் எச்.264க்குள்ளும் வட்டாரவழக்குகள் உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் வைப்பது 8 இரும முறை, 1024 படிகள் வைப்பது 10 இரும முறை. 2011 அளவில் ஜப்பானிய அனிமே ரசிகர்கள் நிறச்சரிவுகள் வழுவழுப்பாய் வரும் எண்டு 10 இருமத்துக்கு மாறினார்கள். கொம்பியூட்டரில் அழகாய் ஓடியது. ரீவிச் சிப்புகள் 8 இருமத்துக்கு மட்டும் செய்யப்பட்டவை, ஆகவே அங்கு ஓடவில்லை.

மருமகனும் அதைத்தான் செய்திருந்தான். அம்மம்மாவின் முகம் கெடக்கூடாது எண்டு, கூடிய தரத்தில், 10 இருமத்தில். அவனுடைய கவனம்தான் இங்கு பூட்டாகிவிட்டது.

4. படம் இருக்கு, சத்தம் இல்லை

படத்தை 8 இரும எச்.264க்கு மாற்றினம். சத்தத்தைத் தொடாமல் விட்டம். இந்தமுறை ரீவியில் கல்யாணம் ஓடியது. கூறை குங்குமச் சிவப்பு. ஆனால் ஒரு சத்தமும் இல்லை. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பி ஊதுகிறார், ஒண்டும் கேட்கவில்லை.

ஒலிக்கும் தனிக் கோடெக் உண்டு. மருமகன் பாவித்தது ஃபிளாக். 2001இல் முதற் பதிப்பு வந்த, ஒலியைத் துளியும் இழக்காமல் சுருக்குகிற, யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லாத முறை. இலவசமாய் இருந்தும் இந்த ரீவி அதை எம்கேவிக்குள் வாசிக்காது. பலருக்கு நடப்பது இன்னொரு வகை. ஆங்கிலப் படம் ஒன்றைத் தரவிறக்கினால் படம் வரும், சத்தம் வராது. காரணம் பெரும்பாலும் டிரிஎஸ். 1993இல் ஜுராசிக் பார்க் படத்தோடு திரையரங்குகளுக்கு வந்த ஒலிமுறை அது. ரீவிக் கம்பனி அதற்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். சில பெரிய கம்பனிகள் 2018க்குப் பிறகு வந்த மொடல்களில் அதைக் கைவிட்டன. பழைய ரீவியில் சத்தத்தோடு ஓடின அதே படம் புது ரீவியில் ஊமையாய் ஓடும். கடைக்காரரிடம் கேட்டால் "பைல் பிழை" என்பார்.

பட விதிகளுக்கும் இதே கதைதான். எச்.264ஐப் பாதியளவு இடத்தில் அடக்குவோம் எண்டு 2013இல் எச்.265 வந்தது. அதன் காப்புரிமைகளுக்குக் காசு வசூலிக்க ஒன்றல்ல, மூன்று தனித்தனிக் கூட்டுகள் உருவாகின. யாருக்கு எவ்வளவு கட்டுவது எண்டு தெரியாமல் செய்கிறவர்கள் தயங்கினார்கள். 2015இல் கூகிள், மொசில்லா, நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல கம்பனிகள் சேர்ந்து கட்டணமில்லாத இன்னொரு முறைக்குக் கூட்டணி அமைத்தன, 2018இல் ஏவி1 வந்தது. ஆக, 'இயக்க முடியாது' எண்ட ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பது பலதரம் இயலாமை அல்ல. ஒரு ரீவிக்கு இத்தனை சதம் மிச்சம்பிடிக்கிற ஒரு கணக்கு. அந்தக் கணக்கு எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை. எங்களுக்குச் சொல்லப்படுவது, உங்கட கோப்பு பிழை எண்டதுதான்.

5. பெயர்கள் கட்டம் கட்டமாய்

சத்தத்தை ஏஏசிக்கு மாற்ற, நாதஸ்வரம் கேட்டது. கடைசிப் பூட்டு எங்களுக்கே உரியது.

மருமகன் வீடியோவோடு ஒரு சின்ன எழுத்துக் கோப்பும் அனுப்பியிருந்தான், படத்துக்குக் கீழே ஓடுகிற வசனம் போல. ஆனால் அதில் வசனம் இல்லை, பெயர்கள். எந்த நிமிடத்தில் யார் திரையில் வருகிறார், அவர் யாருக்கு என்ன முறை, எந்த ஊர். மாமா இரவிரவாய் இருந்து தட்டியது. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்களும் ஐந்து நாடுகளில். அடுத்த தலைமுறைக்கு அவர்கள் வெறும் முகங்கள். ஆகவே இந்தச் சின்னக் கோப்புத்தான், எங்கள் கணக்கில், 6 ஜிபியைவிடப் பெரியது.

அதை ரீவி முதலில் ஆங்கில எழுத்துக் குப்பையாய்க் காட்டியது. மாமா பாவித்தது பாமினி. எங்கட நாட்டுப் பத்திரிகைகளும் பாடசாலைகளும் புலம்பெயர்ந்தவர்களின் மலர்களும் வருசக்கணக்காய் நம்பியிருந்த எழுத்துரு. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைக்கிற தந்திரம். அந்த எழுத்துரு இல்லாத கருவிக்கு அது ஆங்கிலம்தான். ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே, 1991இலேயே, தமிழுக்குத் தனி இடம் இருந்தது. ஆனால் பழகிய கை பாமினியை லேசில் விடாது.

ஒருங்குறிக்கு மாற்றி யூரிஎஃப்-8 ஆகச் சேமித்தம். இப்போது ரீவி வெறும் கட்டங்களைக் காட்டியது. அதற்குள் தமிழ் எழுத்துருவே இல்லை. நண்பர் வீட்டில் இன்னொரு ரீவியில் போட்டம். அங்கு எழுத்து வந்தது, ஆனால் 'கொ' எண்டதில் கொம்பு ஒரு பக்கம், 'க' ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாய்ப் பிரிந்து நிண்டது. தமிழில் ஒரு உயிர்க்குறி மெய்யின் இரண்டு பக்கமும் வந்து உட்காரும். அதைச் சேர்த்து எழுதத் தெரிந்த மென்பொருள் வேண்டும். உலகம் முழுக்க விற்கிற பெட்டிக்குள் அதைப் போடுவதற்கு எங்களைக் கருதி ஆரும் கணக்குப் பார்க்கவில்லை. முதற் பூட்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையில் வந்தது, நடுப் பூட்டுகள் கம்பனிகளுக்கு இடையில். இந்தப் பூட்டு மட்டும் எங்களை ஒருத்தரும் நினையாததால் வந்தது.

6. திறந்தவர்கள்

இந்த வரலாற்றில் எங்களுக்குப் பிடித்த பக்கம் ஒன்று உண்டு. பூட்டுகளைப் போட்டவை பெரிய நிறுவனங்கள். திறந்தவர்களில் அனேகம் பேர் எங்கட வயதுக்காரர், சிலர் எங்களிலும் சின்னவர்கள்.

பாரிசில் எக்கோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள் தங்கள் விடுதியின் மந்தமான வலையமைப்பைப் புதுப்பிக்க வழிதேடி, அதில் வீடியோ ஓடவிடுகிற ஒரு மாணவர் திட்டத்தை 1996இல் தொடங்கினார்கள். 2001இல் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். தெருவில் வைக்கிற செம்மஞ்சள் கூம்புச் சின்னத்தோடு எல்லார் கொம்பியூட்டரிலும் இருக்கிற விஎல்சி அதுதான். 1999இல் நோர்வேயில் 15 வயதான யோன் லெக் யொஹான்சன் வேறு சிலரோடு சேர்ந்து டிவிடியின் பூட்டைத் திறக்கிற நிரலை வெளியிட்டான். வாங்கிய தட்டைத் தன் லினக்ஸ் கொம்பியூட்டரில் பார்க்க வேண்டும், அதுதான் அவன் சொன்ன காரணம். வழக்குப் போட்டார்கள். 2003இல் முதல் நீதிமன்றமும் மேல்முறையீடும் அவனைக் குற்றமற்றவன் என்றன. 2000இல் ஃபப்ரிஸ் பெல்லார் தொடக்கிய எஃப்எஃப்எம்பெக் எண்ட இலவச நிரல் இண்டைக்குக் கண்ணுக்குத் தெரியாமல் எத்தனையோ மென்பொருள்களுக்குள் இருந்து வீடியோக்களை மாற்றிக்கொண்டிருக்கிறது. நாங்கள் பாவித்த ஹாண்ட்பிரேக்கும் அதில் தங்கியதுதான்.

இவர்களின் பெயராவது பதிவில் இருக்கிறது. எங்கட பக்கத்தில் இதே வேலையைச் செய்தவர்களுக்கு அதுவும் இல்லை. கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்குக் கொண்டுவந்து, ஹெட்டைத் துடைத்து, விடிய விடியப் படம் ஓட்டின அண்ணாமார். என்.ரி.எஸ்.சியைப் பாலாக்கித் தந்த ஸ்ரூடியோக்காரர். எந்தப் பிளேயருக்கு எந்தக் கொப்பி ஓடும் எண்டு பார்த்தவுடனே சொன்ன சிடிக் கடைப் பெடியள். அவர்கள் விற்றதில் பெரும்பகுதி களவுக் கொப்பிதான், படம் எடுத்தவனுக்கு ஒரு சதமும் போகவில்லை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கைகளில்தான் குடும்பங்களின் கல்யாணங்களும் செத்தவீடுகளும் கசற்றிலிருந்து சிடிக்கும், சிடியிலிருந்து பென்னுக்கும் கடந்து வந்தன. அதையும் மறக்கத் தேவையில்லை.

நாங்கள் கடைசியில் செய்ததைச் சுருக்கமாய்ச் சொல்கிறம், ஆருக்கும் உதவும். மூலக் கோப்பைத் தொடவில்லை. அதிலிருந்து ரீவிக்கெண்டு ஒரு கொப்பி எடுத்தம்: எம்பி4 பெட்டி, 8 இரும எச்.264 படம், ஏஏசி ஒலி, 4 ஜிபிக்குக் கீழே. பழைய கசற்றில் ஒவ்வொரு படமும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் எண்டு இரண்டு தவணையாய்ப் பதிவாகியிருக்கும். அப்படியே ஓடவிட்டால் கையசைக்கிற இடமெல்லாம் சீப்புப்பல் மாதிரிக் கோடு விழும். அதைச் சேர்க்கிற தெரிவு ஹாண்ட்பிரேக்கில் உண்டு. உயர அகல விகிதத்தை 4க்கு 3 எண்டே விட்டம். இல்லாவிட்டால் அகலத் திரையில் எல்லாருடைய முகமும் வீங்கிப்போகும். பெயர்களைத் தனிக் கோப்பாய் விடாமல் படத்தோடேயே எரித்துவிட்டம். இப்போது எந்த ரீவிக்கும் தமிழ் தெரியத் தேவையில்லை. அவசரத்துக்கு இவ்வளவும் வேண்டாம், மடிக்கணினியிலிருந்து ரீவிக்கு ஒரு எச்டிஎம்ஐ வயர் போதும். திவசத்தன்று அந்த வயர் எங்களிடம் இருக்கவில்லை.

ஒண்டை மட்டும் தள்ளிப்போடாதேங்கோ. கசற்றின் காந்தப் பூச்சு வருசாவருசம் தேய்கிறது. கசற் வாசிக்கிற கருவியைக் கடைசியாய்ச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பனியும் 2016இல் நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகள் பழுதாக, அலுமாரியில் கிடக்கிற கசற்றுகளை வாசிக்க ஆளிருக்காது. மாற்றும்போது மூலத்தைப் பெரிதாய், நல்ல தரத்தில் வையுங்கோ. ரீவிக்கு வேறு கொப்பி எடுங்கோ. முக்கியமாய், முகங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே பெயர்களை எழுதுங்கோ, ஒருங்குறியில்.

அடுத்த ஞாயிறு திரும்பவும் வெள்ளவத்தைக்குப் போனம். இந்தமுறை ஆறேழு பேர்தான். பெரியம்மாவை ரீவிக்கு நேரே கதிரையில் இருத்தி, சத்தத்தைக் கூட்டி விட்டம். பந்தி முடிஞ்ச நேரம் ஆரோ அம்மம்மாவின் கையில் மைக்கைத் திணிக்கிறார்கள். அவ மாட்டன் மாட்டன் எண்டு தலையாட்டிப்போட்டுப் பாடத் தொடங்குகிறா. கீழே அவவின் பெயரும் ஊரும் தமிழில் வருகிறது.

பெரியம்மா பாட்டைப் பற்றி ஒண்டும் சொல்லவில்லை. "கூறை சிவப்பே?" எண்டு கேட்டா. "நான் இவ்வளவு காலமும் பச்சை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."